அட்டைக் கணக்கில் அறியாத பெயர்

சென்ற மாத நிகழ்ச்சியில் இந்த விடயத்தைப் பேசியபோது நேரம் போதவில்லை. பேச்சு முடிந்த பின்னர் தொலைபேசியில் வந்த கேள்விகள் பேச்சைவிட நீளமாக இருந்தன. ஆகவே அன்று சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இந்த மடலில் எழுதித் தருகிறேன்.

சென்ற வருடம் ஜூன் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, கோல்டிங்கில் எங்களுக்கு நெடுநாள் பழக்கமான ஓர் அக்கா தன் மகனோடும் பேரனோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்காவுக்கு எழுபது வயதை நெருங்குகிறது. ஓய்வூதியத்தில் தனியாக இருக்கிறார். மகன் கையில் வங்கிக் கூற்றின் ஆறு மாதப் பிரதிகள். பேரனுக்குப் பதினான்கு வயது. அவன் வந்ததிலிருந்து தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, ஒவ்வொரு மாதமும் 449 குறோணர் போகுது. இது இவன்ர வேலைதான். முந்தி ஒருக்கா அம்மான்ர காட்டில ஏதோ கேம் வாங்கினவன். கேட்டால் இல்லை இல்லை எண்டுறான். போனைப் பறிச்சு ரெண்டு கிழமையாகுது" என்றார் மகன்.

"நான் வாங்கேல்லை மாமா" என்று பையன் ஒரேயொரு தடவை சொன்னான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

கூற்றில் இருந்த பெயர் எங்கள் மூவருக்கும் விளங்கவில்லை. ஆறேழு ஆங்கில எழுத்துகள், அதன் பின் ஒரு தொலைபேசி இலக்கம், அதன் பின் ஒரு வெளிநாட்டு நகரம். அவ்வளவுதான்.

இவ்விடத்தில் கதையைச் சற்று நிறுத்திவிட்டு, இந்தப் பெயர்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதைச் சொல்லவேண்டும். அட்டைக் கூற்றில் வணிகரின் பெயருக்கென ஒதுக்கப்படும் இடம் மிகக் குறைவு, இருபது சொச்சம் எழுத்துகள்தான். அந்த இடத்தில் கடைப் பலகையில் உள்ள பெயர் வரவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஆனால் பல வேளைகளில் வருவது அந்தக் கடையை நடத்தும் கம்பனியின் பதிவுப் பெயர், அல்லது இடையில் நின்று பணம் வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்தின் பெயர். நீங்கள் வெள்ளிக்கிழமை பீற்சா வாங்கும் கடையின் பலகையில் ஒரு இத்தாலியப் பெயர் இருக்கும், கூற்றில் அதன் உரிமையாளருடைய கம்பனிப் பெயர் இருக்கும். டெனிஷ் கம்பனி என்றால் கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு கம்பனிக்கும் எட்டு இலக்க சி.வி.ஆர். எண் உண்டு, அந்தப் பதிவேட்டை எவரும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரைப் போட்டால் முகவரி, தொழில் வகை, உரிமையாளர் எல்லாம் வரும். கைத்தொலைபேசி வழியாக வாங்கிய சந்தாக்களில் பெரும்பாலும் அந்தச் செயலியின் பெயரே வராது. ஆப்பிள் என்றோ கூகிள் என்றோதான் வரும். அப்படி வந்தால் வங்கியோடு சண்டைக்குப் போகுமுன் தொலைபேசியின் அமைப்புப் பக்கத்தில் உங்கள் பெயரைத் தொட்டு, சந்தாக்கள் என்ற பகுதியைப் பாருங்கள். ஆண்ட்ரொயிட் தொலைபேசியென்றால் பிளே ஸ்ரோரில் இதே பகுதி இருக்கிறது. செயலியைத் தொலைபேசியிலிருந்து அழித்துவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் நம்மிடையே ஏராளம். நிற்காது. அழிந்த செயலிக்கும் மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு அனுபவத்தால் வந்தது. பழைய தொலைபேசியில் படங்களைச் சேமிக்க எடுத்த ஒரு சந்தா, புதுத் தொலைபேசிக்கு மாறிய பின்பும் பதினான்கு மாதம் என் அட்டையிலிருந்து போயிருக்கிறது. மாதம் 29 குறோணர், மொத்தம் 406. ஊரார் கணக்கையெல்லாம் சதம் பிசகாமல் இணக்கிக் கொடுக்கிறவன் வீட்டில் நடந்தது இது. என் மனைவிதான் கண்டுபிடித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. அந்தப் பணத்தை நான் திருப்பிக் கேட்கவுமில்லை, கேட்க நியாயமும் இல்லை. ஒப்பந்தம் செய்தது நான், மறந்ததும் நான்.

ஆகவே அறியாத பெயர் ஒன்றைக் கண்டதும் "களவு" என்று தீர்மானிக்கக் கூடாது. மறந்துபோன சந்தாவா, வீட்டிலுள்ள வேறொருவர் எடுத்ததா, ஏமாற்றி எடுக்கப்பட்டதா, அல்லது அட்டை இலக்கமே திருடு போய்விட்டதா என்று பிரித்துப் பார்க்கவேண்டும். பிரித்தால்தான் யாரிடம் போவது, என்ன சட்டத்தைச் சொல்லிக் கேட்பது என்பது தெரியவரும்.

சரி, அக்காவின் கூற்றுக்கு வருவோம். எல்லோரும் 449 என்ற பெரிய தொகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்கு வேலையில் நாங்கள் பழகியது வேறு. பெரிய பதிவை விட்டு முதற் பதிவைத் தேடுவோம். ஜூன் 22, மே 22, ஏப்ரல் 22 என்று பின்னோக்கிப் போனால் ஜனவரி 22இல் முதல் 449 இருந்தது. ஆறு தடவை, மொத்தம் 2,694 குறோணர். அதற்கும் முன்னால் ஜனவரி 8ஆம் திகதி, அதே பெயரில், வெறும் 19 குறோணர். இரண்டுக்கும் இடையில் சரியாகப் பதினான்கு நாட்கள்.

சிறிய தொகை ஒன்று, பதினான்கு நாள் இடைவெளி, பின்னர் மாதாமாதம் ஒரே திகதியில் ஒரே பெரிய தொகை. இந்த வடிவத்தைப் பார்த்ததுமே பையன் மீதிருந்த சந்தேகம் எனக்குப் போய்விட்டது. விளையாட்டுக்குப் பணம் கட்டும் பிள்ளை இன்றைக்கு 49, நாளைக்கு 99 என்று ஒழுங்கில்லாமல்தான் கட்டும். இது சோதனைக்காலம் முடிந்து முழு விலைக்கு மாறும் சந்தா. டென்மார்க்கில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது, 'அபோனமாங்ஸ்ஃபெல', அதாவது சந்தாப்பொறி. 'தெங்க்' என்று நாங்கள் அறிந்த நுகர்வோர் சபை பல வருடங்களாக இந்தப் பெயரைச் சொல்லியே எச்சரித்து வருகிறது.

"அக்கா, ஜனவரி எட்டாம் திகதி ஏதும் பரிசு, பார்சல் எண்டு வந்ததே?" என்று கேட்டேன்.

அக்கா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தம்பி, கோப்பி மெசின் ஒண்டு விழுந்திருக்கெண்டு வந்தது. கேள்விக்குப் பதில் சொன்னனான். அனுப்புற காசு மட்டும் 19 குறோணர் எண்டு கிடந்தது. மெசின் வரேல்லை. வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றார்.

பேரன் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான். தகப்பன் கூற்றுப் பிரதிகளை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார். திரும்பி வந்து காருக்குள் இருந்த தொலைபேசியை மகனிடம் கொடுத்தார். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பதினைந்து நாளில் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், 2,694 குறோணர் சிறிய தொகைதான்.

நம்மவர்கள் கடதாசியைப் பத்திரப்படுத்துவதில் கெட்டிக்காரர்கள். எண்பதுகளில் இங்கு வந்த தலைமுறைக்கு அதற்குக் காரணமும் உண்டு. 1987இல் நீதி அமைச்சராக இருந்த நின் ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை இழுத்தடிக்கச் செய்ததும், அந்தத் 'தமிழர் வழக்கு' 1993 ஜனவரியில் பிரதமர் சுலூட்டர் பதவி விலகும்வரை போனதும் இங்குள்ளவர்களுக்குத் தெரிந்த வரலாறு. ஒரு கடிதத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் வந்த ஒவ்வொரு கடிதத்தையும் கோப்பில் போட்டு வைத்தார்கள். இப்போது வங்கிக் கூற்று கடதாசியில் வருவதில்லை. 2025 டிசம்பர் 30ஆம் திகதியோடு போஸ்ட்நோர்ட் கடித விநியோகத்தையே நிறுத்திவிட்டது. எல்லாம் நெட்பாங்கிலும் மின்னஞ்சலிலும் இருக்கிறது. திறந்து பார்த்தால்தான் தெரியும். கோப்பு வைத்திருந்த கைகள் நெட்பாங்கைத் திறப்பதில்லை என்பதுதான் என் கவலை.

அக்கா கேட்ட அடுத்த கேள்விதான் வானொலிக்கும் அதிகம் வந்த கேள்வி. "தம்பி, நான் 19 குறோணருக்குத்தானே மிட்ஐடியில ஓம் எண்டனான். 449க்கு ஒருக்காலும் ஓம் எண்டேல்லையே. அது எப்பிடிப் போகும்?"

நியாயமான கேள்வி. ஐரோப்பியக் கொடுப்பனவுச் சட்டத்தின்படி, இணையத்தில் அட்டையால் பணம் கட்டும்போது இரட்டை உறுதிப்பாடு வேண்டும். நம் நாட்டில் அது பெரும்பாலும் மிட்ஐடி மூலம் நடக்கிறது. ஆனால் அந்த உறுதிப்பாடு கேட்கப்படுவது நீங்கள் தொடக்கிவைக்கும் முதற் கொடுப்பனவுக்கு. அதன் பின்பு வணிகர் தாமாகத் தொடக்கும் கொடுப்பனவுகளுக்கு ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்பதில்லை. உங்களுடைய முதல் 'ஓம்' ஒரு நிலையான கட்டளைபோலப் பதிவாகிவிடுகிறது. மின்சாரக் கட்டணம், பத்திரிகைச் சந்தா எல்லாம் தொல்லையின்றி ஓடுவது இதனால்தான். பொறி வைப்பவர்களுக்கு வசதியாக இருப்பதும் இதே வழிதான். ஆகவே மிட்ஐடி திரையில் தொகையையும் பெயரையும் மட்டும் பார்த்தால் போதாது. 19 குறோணருக்கு எதற்காக என் அட்டை இலக்கத்தை முழுமையாகக் கேட்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசிக்கவேண்டும். பரிசு கொடுப்பவன் அட்டை கேட்பானா?

இந்தியாவில் இந்த ஓட்டையை வேறு விதமாக அடைத்திருக்கிறார்கள். அங்கே ரிசர்வ் வங்கியின் விதி 2021 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தொடர் கொடுப்பனவு ஒன்றைப் பதிவு செய்யும்போது கூடுதல் உறுதிப்பாடு வேண்டும். அதன் பின் ஒவ்வொரு தடவையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணித்தியாலம் முன்பாக வாடிக்கையாளருக்கு அறிவித்தல் போகவேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்டால் ஒவ்வொரு தடவையும் அனுமதி வேண்டும். 5,000 ரூபாயாக இருந்த அந்த எல்லை 2022 ஜூனில் 15,000 ஆக உயர்த்தப்பட்டது. சென்னையில் இருக்கும் என் மைத்துனருக்கு நாலாம் மாதம் வரும் கட்டணத்துக்கும் குறுஞ்செய்தி வருகிறது. அவர் அதைத் தொல்லை என்கிறார். அக்காவுக்கு அப்படி ஒரு செய்தி வந்திருந்தால் ஜனவரி 21ஆம் திகதியே கதை முடிந்திருக்கும்.

ஐரோப்பாவில் நமக்கிருக்கும் பாதுகாப்பு முன்கூட்டிய செய்தியில் இல்லை, பின்னால் கேட்கும் உரிமையில் இருக்கிறது. அதை எப்படிக் கேட்பது என்பதற்கு வருகிறேன்.

அன்றிரவே நாங்கள் முதலில் செய்தது அக்காவின் மின்னஞ்சலில் ஜனவரி 8ஆம் திகதியைத் தேடியது. குப்பைப் பெட்டிக்குள் ஒரு கடிதம் இருந்தது. "அங்கத்துவத்துக்கு நல்வரவு" என்று தொடங்கி, மிகவும் கீழே, சிறிய எழுத்தில், பதினான்கு நாட்களுக்குப் பின் மாதம் 449 என்று இருந்தது. அதைப் படமெடுத்து வைத்தோம். அதிலிருந்த முகவரிக்கு, "சந்தா எதற்கும் நான் சம்மதிக்கவில்லை, உடனடியாக நிறுத்துங்கள், எடுத்த பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று மூன்று வரியில் டெனிஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதினோம். கோபத்தில் நீட்டி எழுதுவதால் பயன் இல்லை. திகதியும் தொகையும் கோரிக்கையும் இருந்தால் போதும். கூற்றில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்க மகன் விரும்பினார். நான் வேண்டாமென்றேன். பேசியதற்குச் சாட்சி இல்லை, எழுதியதற்கு உண்டு.

அதன் பின் வங்கி. அக்காவிடம் இருப்பது விசா/டான்கோட். 1983இல் வந்த டான்கோட் டென்மார்க்குக்குள் மட்டும் செல்லும். வெளிநாட்டு வணிகரிடம் போகும்போது அதே அட்டை விசாவாக வேலை செய்கிறது. ஆகவே இந்தப் பதிவுகள் விசாவின் விதிகளின் கீழ் வருகின்றன. நெட்பாங்கில் ஒவ்வொரு வங்கியும் 'இன்ஸீயெல்ஸ', அதாவது ஆட்சேபனை என்ற ஒரு படிவத்தை வைத்திருக்கிறது. அதைத் தேடி நிரப்பவேண்டும். அட்டையையும் மூடச் சொன்னோம்.

இங்கே ஒரு நுணுக்கம். அட்டையை மூடிப் புது அட்டை எடுத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். விசாவும் மாஸ்டர்காட்டும், அட்டை மாறும்போது புது இலக்கத்தை வணிகர்களுக்குத் தானாகவே தெரிவிக்கும் ஒரு சேவையை நடத்துகின்றன. நல்ல நோக்கத்துக்காக வந்த சேவைதான். உங்கள் பத்திரிகைச் சந்தா அறுபடாமல் இருக்கும். ஆனால் நீங்கள் தப்பியோடும் வணிகரும் அதே வழியில் பின்னால் வந்துவிடலாம். ஆகவே வங்கியிடம் "அட்டையை மாற்றுங்கள்" என்று மட்டும் சொல்லாமல், "இந்த வணிகரிடமிருந்து வரும் கோரிக்கைகளைத் தடுத்துவிடுங்கள்" என்றும் எழுத்தில் கேட்கவேண்டும்.

இனிச் சட்டம். சலிப்பாக இருந்தாலும் இதைப் பொறுமையாக வாசியுங்கள், பணம் இருப்பது இங்கேதான்.

டென்மார்க்கின் கொடுப்பனவுச் சட்டம் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் சம்மதிக்காத கொடுப்பனவு ஒன்று உங்கள் கணக்கிலிருந்து போயிருந்தால், தெரிந்தவுடன் வங்கிக்கு அறிவிக்கவேண்டும். மிகப் பிந்திய எல்லை, பணம் போன நாளிலிருந்து 13 மாதம். அறிவித்தால் வங்கி உடனடியாக, பிந்தினால் அடுத்த வேலைநாளுக்குள், திருப்பி வைக்கவேண்டும் என்பது பொது விதி. வேறொருவர் உங்கள் இரகசிய எண்ணையோ மிட்ஐடியையோ பயன்படுத்தியிருந்தால் உங்கள் பங்கு பொதுவாக 375 குறோணர். பெருங்கவனக்குறைவு இருந்தால் 8,000 வரை போகலாம். இன்னொரு விதி, சம்மதம் கொடுத்திருந்தாலும், கொடுத்தபோது சரியான தொகை சொல்லப்படாமல், பின்னர் நீங்கள் நியாயமாக எதிர்பார்த்ததைவிட அதிகமாக எடுக்கப்பட்டிருந்தால் எட்டு வாரத்துக்குள் கேட்கலாம். எட்டு வாரம், 13 மாதம் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது "சம்மதித்தேன், ஆனால் இவ்வளவுக்கல்ல" என்பவருக்கு. இரண்டாவது "சம்மதிக்கவேயில்லை" என்பவருக்கு.

வங்கிப் பக்கம் இப்படி. வணிகர் பக்கம் நுகர்வோர் ஒப்பந்தச் சட்டம். இணையத்தில் வாங்கும் எதையும் பொதுவாகப் பதினான்கு நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். தெரியாதது பொத்தான் விதி. ஓடர் செய்யும் பொத்தானில், அழுத்தினால் பணம் கட்டும் கடமை வரும் என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கவேண்டும். இல்லாவிட்டால் நுகர்வோர் அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவரல்ல. 2022 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு ஜேர்மன் ஹோட்டல் வழக்கில், பொத்தானில் உள்ள சொற்களை மட்டுமே பார்க்கவேண்டும், பக்கத்தில் வேறெங்கோ எழுதியிருப்பதை அல்ல, என்று சொன்னது. 2023 ஒக்டோபரில் அதே நீதிமன்றம் ஓர் ஒஸ்திரியா வழக்கில் இலவச சோதனைக்காலச் சந்தாக்களைப் பற்றித் தீர்ப்பளித்தது. விலகும் உரிமை ஒரு தடவைதான். ஆனால் தொடக்கத்திலேயே சோதனைக்காலத்தின் பின் பணம் கட்டவேண்டும் என்று தெளிவாகச் சொல்லப்படாவிட்டால், கட்டணக் காலம் தொடங்கும்போது புதிதாக இன்னொரு விலகும் உரிமை பிறக்கிறது. சிறிய எழுத்துக்காரர்களுக்கு இது நல்ல அடி.

அக்காவின் விடயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வங்கி முதலில் ஆறில் நான்கு தொகையை, 1,796 குறோணரை, கணக்கில் வைத்தது. ஜனவரி, பெப்ரவரி மாதத் தொகைகள் இரண்டையும் காலம் கடந்தவை என்று மறுத்தது. காரணம், அட்டை வலையமைப்பின் விதிகளில் ஆட்சேபனைக்குப் பொதுவாக 120 நாள் எல்லை இருக்கிறது. நாங்கள் படிவம் போட்டது ஜூன் 28. மார்ச் 22இலிருந்து எண்ணினால் எல்லைக்குள், பெப்ரவரி 22இலிருந்து எண்ணினால் சில நாட்கள் வெளியே. ஆனால் அந்த 120 நாள் வங்கிக்கும் வணிகரின் வங்கிக்கும் இடையிலான ஏற்பாடு. அக்காவுக்கும் வங்கிக்கும் இடையில் இருப்பது நாட்டின் சட்டம், அதில் எல்லை 13 மாதம். இதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினோம். தொலைபேசியில் பேசிய இளைஞருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்கவில்லை. அவரில் குற்றமில்லை, திரையில் இருந்ததைச் சொன்னார்.

இதற்கிடையில் வணிகரும் பதில் அனுப்பினார். அக்கா சம்மதித்ததற்குச் சான்று என்று பக்கத்தின் படமொன்றை வங்கிக்குக் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பெரிய பச்சைப் பொத்தானில் "பரிசைப் பெறுக" என்று இருந்தது. பணம் கட்டும் கடமையைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. தங்கள் வழக்குக்கு எதிரான சான்றைத் தாங்களே கொண்டுவந்து தந்திருந்தார்கள். நாங்கள் அந்தப் படத்தையே எங்கள் இரண்டாவது கடிதத்தோடு இணைத்தோம். மூன்று வாரத்தில் மீதி 898 குறோணரும் வந்தது. 19 குறோணர் வரவில்லை. அதைக் கேட்கவேண்டாம் என்று அக்காதான் சொன்னார்.

வங்கி இறுதிவரை மறுத்திருந்தால் அடுத்த படி நிதி முறைப்பாட்டுச் சபை. அங்கே போவதற்கு முன் வங்கியின் முறைப்பாட்டுப் பொறுப்பாளருக்கு எழுதியிருக்கவேண்டும். வணிகர் வேறொரு ஐரோப்பிய நாட்டில் இருந்தால் ஃபோபுறூவர் யூரோப்பா என்ற ஐரோப்பிய நுகர்வோர் நிலையம் இலவசமாக இடையில் நின்று பேசிப் பார்க்கும். நுகர்வோர் குறைகேள் அதிகாரியின் பணிமனை 1975 முதல் இருக்கிறது. அது உங்கள் பணத்தை வாங்கித் தராது, ஆனால் ஒரே வணிகரைப் பற்றிப் பல முறைப்பாடுகள் சேர்ந்தால் நடவடிக்கை எடுக்கும். வெட்கத்தில் பேசாமல் இருப்பவர்கள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை.

இப்படிச் செய்பவர்கள் முகவரியில்லாதவர்கள் மட்டுமென்று எண்ணவேண்டாம். 2025 செப்டெம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், பிரைம் சந்தாவில் மக்களைச் சம்மதமின்றிச் சேர்த்ததாகவும் விலகுவதைக் கடினமாக்கியதாகவும் சொல்லப்பட்ட குற்றச்சாட்டுக்கு அமேசன் 250 கோடி டொலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்கு. ஜேர்மனியில் 2022 ஜூலை முதல், இணையத்தில் எடுக்கக்கூடிய சந்தாவை இணையத்திலேயே முறிக்கும் பொத்தான் கட்டாயம்.

நேயர்களின் கேள்விகள் சிலவற்றுக்கும் இங்கே பதில் எழுதிவிடுகிறேன்.

உடற்பயிற்சி நிலையம் ஒன்றின் சந்தா பிடிக்கவில்லை, அட்டையை மூடிவிட்டால் போதாதா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். போதாது. அது நீங்கள் அறிந்து செய்த ஒப்பந்தம். பணம் போகும் வழியை அடைத்தாலும் கடன் நிற்கும். நினைவூட்டல் கடிதம் வரும். ஒவ்வொன்றுக்கும் 100 குறோணர் வரை, மூன்று தடவைவரை சேர்க்கலாம், பின்னர் இன்காசோ. எழுத்தில் முறித்துக்கொள்ளுங்கள். தொடர் சேவை ஒப்பந்தங்களில், எடுத்து ஐந்து மாதம் கழிந்தபின் ஒரு மாத முன்னறிவிப்போடு மாத முடிவில் விலகும் உரிமை நுகர்வோருக்கு உண்டு.

பணத்தை மீட்டுத் தருவதாக ஒருவர் வங்கியிலிருந்து அழைத்தார், மிட்ஐடியில் உறுதிப்படுத்தச் சொன்னார் என்று வைலயிலிருந்து ஓர் அம்மா சொன்னார். தொலைபேசியை வையுங்கள். ஒரு தடவை பொறியில் விழுந்தவர்களின் விபரம் கைமாறுகிறது, இரண்டாவது கூட்டம் அந்தப் பட்டியலோடு வருகிறது. பணம் திரும்பி வருவதற்கு நீங்கள் மிட்ஐடியில் எதையும் அனுமதிக்கத் தேவையில்லை. வங்கி அப்படிக் கேட்காது.

இன்னொருவர், தன் கூற்றில் அட்டைப் பதிவே இல்லை, ஆனாலும் மாதம் 79 குறோணர் போகிறது என்றார். அது பெட்டேலிங்ஸ்சேர்விஸ் வழியாகவோ மொபைல்பே வழியாகவோ போகலாம். முதலாவதை நெட்பாங்கில் உள்ள கொடுப்பனவு ஒப்பந்தங்களின் பட்டியலில் பார்க்கலாம். மாதத் தொடக்கத்தில், குறித்த நாளுக்கு முன், அந்த ஒரு கொடுப்பனவை மட்டும் நிராகரிக்கலாம், அல்லது ஒப்பந்தத்தையே நீக்கலாம். மொபைல்பேயில் ஒப்பந்தங்கள் என்ற தனிப் பகுதி செயலிக்குள்ளேயே இருக்கிறது. அவர் திறந்து பார்த்தபோது, மூன்று வருடத்துக்கு முன் மகளுக்காக எடுத்த டெனிஷ் சிறுவர் சஞ்சிகை ஒன்று அங்கே இருந்தது. மகள் இப்போது ஓகூஸில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாராம்.